ஒல்லாந்துக் கிராமத்தில் ஒரு பழைய வீடு



நொத்தாரிசு என்னும் சொல்லை நாம் ஒல்லாந்தரிடமிருந்து பெற்றோம். காணி வாங்கும்போதெல்லாம் அச்சொல்லை எடுத்தாளும் நமக்கு, அதனைத் தந்த நாட்டிலே ஒரு வீடு எவ்வாறு கைமாறுகின்றது என்பதை அறிய ஆவல் இருத்தல் இயல்பே. நெதர்லாந்தின் வடகோடியில் உள்ள குரோனிங்கன் மாகாணத்திலே, அமைதியான கிராமம் ஒன்றில், நாற்புறமும் வளவு சூழத் தனித்து நின்ற ஒரு பழைய வீட்டை ஒல்லாந்தரான என் நண்பர் ஒருவர் வாங்கினார். வீட்டை முதன்முதல் பார்க்கச் சென்ற நாள் தொடக்கம் திறப்புக் கைக்கு வந்த நாள் வரை நானும் உடனிருந்தேன்.

அம்மாகாணத்து நிலம் தட்டையானது. கடலுக்கு அணை கட்டுமுன்னரே மக்கள் அங்கு மண்மேடுகளை எழுப்பி அவற்றின்மீது குடியேறினர். ஆதலின் பல கிராமங்கள் இன்றும் வயலினின்று சற்று உயர்ந்த மேட்டிலே, பழைய செங்கல் தேவாலயத்தைச் சூழ்ந்து காட்சி தருகின்றன. நண்பர் கண்ட வீடு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. முதுமையடைந்த கமக்காரர் பண்ணையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, கிராமத்துள் வந்து ஓய்ந்திருப்பதற்கென்று கட்டிய இத்தகைய வீடுகள் அங்கே பல உண்டு. உயர்ந்த சாளரங்கள், பின்புறம் அப்பிள் மரங்கள், அமைதியோ சொல்லுந்தரமன்று. கடையும் பாடசாலையும் மூடப்பட்டமையும் அவ்வமைதிக்கு ஒரு காரணம் என்பதை நண்பர் பின்னரே உணர்ந்தார்.

அந்நாட்டுச் சட்டம் இரு பக்கத்தாருக்கும் கடமை விதிக்கின்றது. அறிந்த குறையை விற்பவர் மறைத்தலாகாது; அறியக்கூடியதை வாங்குபவர் ஆராயாது விடலாகாது. ஆயினும் பழைய வீடுகளின் ஒப்பந்தத்திலே பெரும்பாலும் வயதைப் பற்றிய ஒரு வாசகம் சேர்க்கப்படுகின்றது. இத்தனை ஆண்டு சென்ற வீட்டிடம் புதுவீட்டின் தரத்தை எதிர்பார்த்தல் இயலாது என்பதை வாங்குபவர் ஒப்புக்கொள்கிறார் என்பதே அதன் சாரம். கையொப்பம் வைத்தபின் பல குறைகள் அவர் தலையிலேயே விழும்.

ஆகவே நண்பர் கட்டடப் பரிசோதகர் ஒருவரை அமர்த்தினார். அம்மனிதர் வந்ததும் வாயிற் கால்மிதியை நீக்கி, அதன் கீழிருந்த மூடியைத் திறந்து, விளக்குடன் தரைக்கடியில் தவழ்ந்து சென்றுவிட்டார். மரத்தளத்தைத் தாங்கும் உத்தரங்களின் நுனிகள், ஈரச் சுவருள் புதைந்துள்ள இடத்திலேதான் முதலில் உளுக்கும். சுவரடியிற் காற்றுப் புகுவதற்காக வைத்த துளைகளைத் தோட்டத்து மண் மூடியிருப்பின் கேடு விரைந்து வரும். பின்னர் அவர் ஈயத்தாலான பழைய நீர்க்குழாயையும், 1993 இல் தடைசெய்யப்பட்ட கல்நார்த் தகட்டையும், தோட்டத்துள் புதைத்து மறந்துபோன எண்ணெய்த் தாங்கியையும் தேடினார்.

எண்ணெய்த் தாங்கிகள் மறக்கப்பட்டமைக்கு ஒரு வரலாறு உண்டு. 1959 இல் அதே மாகாணத்துச் சுலொக்தெரன் என்னுமிடத்தில் மாபெரும் இயற்கை வாயுப் படுகை கண்டறியப்பட்டது. 1963 இல் வாயு எடுக்கத் தொடங்கினர். சில ஆண்டுகளுள் நாட்டின் பெரும்பாலான வீடுகள் நிலக்கரியையும் எண்ணெயையும் விட்டு அவ்வாயுவுக்கு மாறின. ஏறக்குறைய மூவாயிரம் மீற்றர் ஆழத்து மணற்பாறையினின்று வாயு நீங்க நீங்கப் பாறை அமுங்கிற்று, பழைய பிளவுகள் அசைந்தன, நிலம் நடுங்கிற்று. 2012 ஓகஸ்ட் 16 இல் ஹௌசிங்கே என்ற சிற்றூரின் அருகே 3.6 அளவான நடுக்கம் ஏற்பட்டது. எண் சிறிதுதான். ஆயின் நடுக்கம் பிறந்த ஆழமும் சிறிது. மேலே மென்மையான மண். அதன்மேல் ஆழமில்லாத அத்திவாரத்தையுடைய செங்கல் வீடுகள். மாரியில் வீட்டைச் சூடாக்கிய வாயுவே வீட்டின் சுவரையும் பிளந்தது. அம்மாகாண மக்களின் நலன் பல்லாண்டு புறக்கணிக்கப்பட்டதென்று 2023 இல் நாடாளுமன்ற விசாரணைக் குழு எழுதிற்று. அவ்வாண்டு ஒக்டோபர் 1 இல் வாயு எடுத்தல் நின்றது. 2024 இல் சட்டம் அதனை நிரந்தரமாக்கிற்று. நடுக்கம் மாத்திரம் சட்டத்துக்குக் கட்டுப்படவில்லை. நிலம் அடங்குவதற்கு இன்னும் பல்லாண்டு செல்லும்.

எனவே, வெடிப்பு உண்டோ என்று அங்கே கேட்பதிற் பயனில்லை. அதற்கு இழப்பீடு பெறப்பட்டதோ, அப்பணத்தாற் சுவர் திருத்தப்பட்டதோ, அன்றி வெடிப்பின்மேல் தாள் ஒட்டப்பட்டதோ, அரசு வலுப்படுத்தவுள்ள வீடுகளின் பட்டியலில் இவ்வீடு உண்டோ என்றே கேட்டல் வேண்டும்.

விற்பவர் எண்பது வயதைக் கடந்த மூதாட்டி. பரிசோதகரின் அறிக்கையில் இல்லாத ஒன்றை அவரே காட்டினார். படுக்கையறை அலுமாரியை எங்களைக் கொண்டு நகர்த்துவித்தார். பின்னாலே, சாளர மூலையிலிருந்து சரிந்து இறங்கிய நீண்ட வெடிப்பு. அது வளர்ந்து நின்ற இடந்தோறும் பென்சிற் கோடு. கோட்டின் அருகே திகதி. முதலாவது திகதி 2012 ஓகஸ்ட் 16. “இதைச் சொல்லாமல் விற்றால் எனக்கு உறக்கம் வராது” என்றார் அவர். விலையில் ஒரு தொகை குறைந்தது. இழப்பீடு கோரும் உரிமை நண்பருக்கு எழுத்தில் மாற்றப்பட்டது.

ஒப்பந்தப் பிரதி கைக்கு வந்தபின், வாங்குபவர் காரணம் கூறாமலே விலகுவதற்கு மூன்று நாள் அவகாசம் உண்டு. விற்பவருக்கு அச்சலுகை இல்லை. முதல் நாள் நண்பரின் மனைவியார் விலகுவோம் என்றார்; இரண்டாம் நாள் நண்பர் அவ்வாறே சொன்னார்; அப்போது மனைவியார் மறுத்துவிட்டார். மூன்றாம் நாள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

நொத்தாரிசு அங்கே எப்பக்கத்தையும் சாராதவர். பணம் அவர் பொறுப்பிலுள்ள தனிக் கணக்கினூடாகவே செல்லும். குடியிருப்பதற்கு வாங்குவோர் பொதுவாகக் கிரயத்தில் 2 வீதம் வரி இறுப்பர். உறுதியில் அயலவர் ஒருவரின் வழியுரிமை குறிக்கப்பட்டிருந்தது. அதை வாசிக்கக் கேட்டபோது நம் யாழ்ப்பாணத்து உறுதிகள் நினைவுக்கு வந்தன. உரோமன் ஒல்லாந்தச் சட்டத்தை ஒல்லாந்தர் 1809 இல் கைவிட்டனர்; நாமோ இன்றும் வைத்திருக்கிறோம்! காணிப் பதிவகத்தில் உறுதி பதிவானபின்னரே உரிமை மாறும். அது அன்றே நிறைவேறிற்று.

மாலையில் வெறுமையான வீட்டினுள் நுழைந்தோம். அலுமாரி போய்விட்டதால் வெடிப்பு முழுவதும் தெரிந்தது. கடைசிக் கோட்டுக்குக் கீழே அது இறங்கியிருக்கவில்லை. நண்பர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, அக்கோட்டின் அருகிலேயே அன்றைய திகதியை எழுதினார்.