ரவிக்கைக்குள் ஒரு பிரம்பு



"கல்யாண ரவிக்கையை எலும்பு வைத்துத் தைத்துக் கொடுங்கள், அக்கா" என்று இன்று கேட்கிறார்கள். இடுப்பைச் சிறிதாகக் காட்டும் கோர்செட் ரவிக்கை இப்போதைய நாகரிகம். அந்த எலும்பு எதற்காக வந்தது என்று தெரிந்துகொண்டால், எப்படித் தைப்பது என்பதும் புரிந்துவிடும்.

18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பெண்கள் 'ஸ்டேஸ்' என்ற கச்சை அணிந்தார்கள். அதில் வைத்தது திமிங்கல எலும்பு. பெயர்தான் எலும்பு! உண்மையில் அது பல்லில்லாத் திமிங்கலங்களின் வாயில் தொங்கும் தகடு. நம் நகத்தில் உள்ள அதே கெரட்டின். நீளவாக்கில் மெல்லியதாகப் பிளக்கலாம், நன்றாக வளையும், உடல் சூட்டில் உடம்பின் வடிவத்துக்கே பழகிவிடும். அதற்குப் பதிலாகப் பிரம்பு வைத்தவர்களும் உண்டு. ஆம், பள்ளிக்கூடத்தில் நாம் பயந்த ரோத்தான்தான்!

லினன் துணியை அடுக்கி, நெருக்கமாகக் கோடு கோடாகக் கையால் தைத்து, கோடுகளுக்கு நடுவே எலும்பைச் செருகினார்கள். துணி சுருங்காமல் நிற்கவும், பாவாடைகளின் பாரம் ஓரிடத்தில் அழுத்தாமல் பரவவும் அது உதவியது. கயிறு கோக்கும் துளைகளை நூலால் கட்டியிருந்தார்கள். அளவுக்கு மீறி இழுத்தால் துணி கிழியும். 19ஆம் நூற்றாண்டில் உலோக வளையங்களும் எஃகுப் பட்டைகளும் வந்தபின், இன்னும் கடுமையாக இறுக்க வழி பிறந்தது. 1883இல் அமெரிக்காவின் எட்வர்ட் வாரன் வான்கோழி இறகுத் தண்டிலிருந்தும் 'எலும்பு' செய்தார். இன்று நம் கைக்கு வருவது பிளாஸ்டிக்.

சகோதரிகளே, பொருள் மாறினாலும் பாடம் மாறவில்லை. எலும்பு துணியைத் தாங்கட்டும், பெண்ணை நெரிக்க வேண்டாம். உள்ளே கெட்டியான பருத்தித் துணி கொடுங்கள். பட்டையைத் தையல் பாதையைவிடச் சற்றுக் குட்டையாக வெட்டி, முனைகளை உருட்டித் தேய்த்து, துணியால் மூடுங்கள். அளவு பார்க்கும்போது மணப்பெண்ணை நிற்க வைத்து மட்டும் பார்க்காதீர்கள். சம்மணமிட்டு உட்காரச் சொல்லுங்கள். ஆழமாக மூச்சு இழுக்கச் சொல்லுங்கள். வலித்தால் கூச்சப்படாமல் பிரித்துத் தையுங்கள்.

மணவறையில் ஹோமப் புகைக்கு முன்னால் நெடுநேரம் உட்காரப் போகிறவள் அவள். புகைப்படத்தில் இடுப்பு ஓர் அங்குலம் குறைவதைவிட, அவள் தாராளமாக மூச்சு விட்டுச் சிரிப்பதே அழகு. அந்த அழகு உங்கள் ஊசியில் இருக்கிறது.