அருகம்புல்லும் மூச்சுத்திணறலும்

(தோஹா தொழில்பேட்டை வாழ் தமிழர்களுக்கான நலவாழ்வு உரையின் எழுத்து வடிவம்)



ஊரில் பிள்ளையாருக்குச் சார்த்தும் அருகம்புல்லும், தோஹாவின் பூங்காக்களில் பெர்முடா புல் என்ற பெயரில் விரிக்கப்படும் புல்லும் ஒன்றே. சாறு பிழிந்து அருந்தும் புல் மூச்சை முட்டச் செய்யும் என்றால் நம்புவது கடினம். ஆயினும் தீங்கு இலையில் இல்லை. பூவின் மகரந்தத்தில் இருக்கிறது. தண்டின் நுனியில் கைவிரல்களை விரித்தாற்போல் நான்கைந்து கதிர்கள் தோன்றுமாயின், புல் பூத்துவிட்டது என்று கொள்க.

புல்வெட்டும் பணிக்குச் செல்வோர் தும்மல், கண் அரிப்பு, இரவில் நெஞ்சில் எழும் விசில் ஒலி ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் பாலைவனத் தூசியையே காரணமாகக் கூறுவர். தூசியும் காரணமாகலாம். தொல்லை எந்நாளில், எவ்விடத்தில், எவ்வேலைக்குப் பின் தொடங்கியது என்று இரண்டு வாரங்கள் குறித்து வந்தால் வேறுபாடு விளங்கும். புழுதிக்காற்று வீசாத நாளிலும், புல் வெட்டிய மாலையில் மூச்சு வாங்குமாயின், புல்லை ஐயுறல் வேண்டும். அக்குறிப்பை மருத்துவரிடம் காட்டுதல் நன்று.

நுண்ணோக்கியால் மட்டும் இதனைத் தீர்க்க இயலாது. புல்லினங்களின் மகரந்தம் ஒற்றைத் துளையுடைய உருண்டை. நெல்லும் அருகும் அதில் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். தோலில் குத்திப் பார்க்கும் சோதனையோ குருதிச் சோதனையோதான் இனத்தைக் காட்டும். குளிர்நாட்டுப் புல்லான திமோத்திக்கு மட்டும் சோதித்துவிட்டு, புல் ஒவ்வாமையே இல்லை என்று முடிவு செய்தலாகாது. அருகின் புரதங்கள் பெரிதும் வேறுபட்டவை. சோதனையில் பெர்முடா சேர்க்கப்பட்டுள்ளதா என்று கேட்க எவரும் தயங்க வேண்டியதில்லை.

தும்மல்தானே என்று இருந்துவிடுவோர் மெல்பேர்ன் நகர நிகழ்ச்சியை அறிதல் வேண்டும். 2016 நவம்பர் 21 மாலை, இடிமழையோடு வந்த காற்று ரைப்புல்லின் மகரந்தத்தை அந்நகரின்மேல் கொணர்ந்தது. ஈரத்தில் மகரந்தம் வெடித்து, நுரையீரலின் ஆழம்வரை செல்லும் நுண்துகள்களாயிற்று. பத்துப் பேர் இறந்தனர். மருத்துவமனைகளை நாடிய ஆயிரக்கணக்கானோருள் இந்திய, இலங்கை வம்சாவளியினர் மக்கள்தொகை விகிதத்தினும் மிகுதியாக இருந்தனர். ஆஸ்துமா உண்டென்று அதுவரை அறியாது, தும்மலோடு மட்டும் காலம் கழித்தோரும் அவர்களுள் பலர். அடுத்த மாதம் வளைகுடாவிலேயே, குவைத்தில், இடிமழைக்குப்பின் இத்தகைய உயிரிழப்புகள் நேர்ந்தன.

வேலை போய்விடும் என்றஞ்சி நோயை மறைப்போர் உளர். கத்தாரின் 2004ஆம் ஆண்டு 14ஆம் எண் தொழிலாளர் சட்டப்படி, மூன்று மாதப் பணி முடித்தவருக்கு, மருத்துவச் சான்றின் பேரில், ஆண்டுதோறும் இரு வாரங்கள் முழு ஊதியத்துடனும் அடுத்த நான்கு வாரங்கள் அரை ஊதியத்துடனும் நோய் விடுப்பு உண்டு. அது சலுகையன்று, உரிமை. முகக்கவசம் போன்ற பாதுகாப்புப் பொருள்களின் செலவை ஊதியத்தில் பிடித்தலும் ஆகாது.

பூக்குமுன் புல்லை வெட்டிவிட்டால் மகரந்தம் குறையும். இதனை மேற்பார்வையாளரிடம் எடுத்துச் சொல்லலாம். வேலை உடையைப் பலர் உறங்கும் அறையில் தொங்கவிடாது வெளியே களைந்து, குளித்தபின் படுத்தல் வேண்டும். அன்றாடம் இழுக்கவேண்டிய தடுப்பு இன்ஹேலரை நலமான நாளிலும் விடலாகாது. நீலநிற இன்ஹேலரை இழுத்தும் மூச்சு அடங்காமல், ஒரு வாக்கியம் முழுமையாகப் பேச இயலாத நிலை வருமாயின், உடன் இருப்பவர் காத்திராமல் 999 எண்ணை அழைத்து, தெரு எண்ணையும் குடியிருப்பின் எண்ணையும் கூறல் வேண்டும்.