கண்ணொளிப் பணியில் நம் பங்கு



1925-இல் ஹெலன் கெல்லர் அம்மையார், பார்வையற்றோருக்குத் துணை நிற்குமாறு அரிமா சங்கத்தாரை வேண்டினார். அன்று தொடங்கிய பணி, கண் சிகிச்சை முகாம்களாக இன்று சிற்றூர்கள் வரை வந்துள்ளது. நம் அறநூல்கள் உரைக்கும் ஔடத தானத்துக்கு இதனினும் பொருத்தமான வடிவம் அரிது. முகாமுக்குப் பொருள் தர நம்மவர் தயங்குவதில்லை. ஆனால் பொருள் மட்டும் போதாது. 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமியின் வழிவந்தோர் அனுபவத்தில் கண்டது இதுவே: அறுவை இலவசமாயினும் வழிச்செலவு, இழக்கும் கூலி, துணைக்கு ஆளின்மை ஆகியவை ஏழையைத் தடுத்துவிடும். ஜவ்வாது மலையிலிருந்து செங்கத்துக்கு இறங்கிவரும் முதியவருக்கு இத்தடைகள் இன்னும் பெரியவை அல்லவா? அவரை அழைத்துவந்து, அறுவை முடிந்து இல்லம் சேரும்வரை உடனிருக்க நம் இளைஞர்கள் வேண்டும். விருப்பமுள்ளோர் இன்றே அறக்கட்டளையாரிடம் பெயர் தருக.