விமானத்துக்குப் போகும்போது கையில் என்ன இருக்கணும்?



1989-ல தர்மபுரி மாவட்டத்துல ஆரம்பிச்ச மகளிர் குழு இன்னிக்கு நம்ம தெரு வரைக்கும் வந்திருக்கு. அன்னிக்கு வங்கி வாசலுக்குப் போகவே பயந்தோம். இன்னிக்கு நம்மள்ல சிலர் கண்காட்சிக்காக டெல்லி வரைக்கும் போறாங்க. காசிக்குப் போகணும்னு சீட்டு கட்டறவங்களும் இருக்காங்க. ரெண்டு நாள் ரயில்ல போன இடத்துக்கு இப்ப விமானத்துல போறோம். அதனால இந்தத் தலைப்புல பேசச் சொன்னாங்க.

நம்ம நாட்டுக்குள்ள போக பாஸ்போர்ட் கட்டாயம் இல்லை. பாஸ்போர்ட் வேணுமேன்னு பயந்து போகாம இருக்கறவங்க நிறைய பேர். மீனம்பாக்கத்துல உள்ளே நுழையற வாசல்லயே மத்திய தொழில் பாதுகாப்புப் படைக்காரங்க நிப்பாங்க. டிக்கெட்டையும் போட்டோ உள்ள ஒரு அடையாள அட்டையையும் பார்ப்பாங்க. ஆதார், வாக்காளர் அட்டை, பான் கார்டு, டிரைவிங் லைசென்ஸ், பாஸ்போர்ட், இதுல ஏதாவது ஒண்ணு போதும். போனில் எம்-ஆதார் செயலி வச்சிருந்தா அதையும் காட்டலாம். அரசுடைமை வங்கியில போட்டோ ஒட்டி சான்றொப்பம் போட்ட பாஸ்புக், போட்டோ உள்ள பென்ஷன் அட்டை, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, படிக்கிற பிள்ளைங்களுக்கு அவங்க ஐடி கார்டு, இதெல்லாம்கூட அந்தப் பட்டியல்ல இருக்கு.

இல்லாதது எதுன்னும் தெரிஞ்சுக்கணும். ரேஷன் கார்டு அதுல இல்லை. நெசவாளர் அடையாள அட்டையும் பேர் சொல்லி வரலை. அதனால அதை மட்டும் நம்பிக் கிளம்பாதீங்க. குழு பாஸ்புக் குழுவோடது, அது ஒருத்தருக்கு அடையாளம் ஆகாது.

அப்பா அம்மாவோட போற சின்னப் பிள்ளைங்களுக்குத் தனியா அட்டை கேட்க மாட்டாங்க. ஆனா ரெண்டு வயசுக்கு உள்ள குழந்தைன்னா வயசுக்கு ஆதாரமா பிறப்புச் சான்றிதழ் எடுத்துப் போங்க. எந்த அட்டையும் இல்லாதவங்களுக்கும் வழி இருக்கு. குரூப் ஏ கெசட்டட் அதிகாரி ஒருத்தர் போட்டோ ஒட்டி, கையெழுத்துப் போட்டுத் தர்ற அடையாளச் சான்றை ஏத்துக்கறாங்க. அதைக் கிளம்பற அன்னிக்கு அலைஞ்சு வாங்க முடியாது, முன்னாடியே வாங்கி வைக்கணும்.

அடுத்தது பேரு. கோர்வைப் புடவையில உடலும் கரையும் சரியாப் பிடிக்கலன்னா சேலை நிக்காதுன்னு நமக்குத் தெரியும். அதே மாதிரி அட்டையில உள்ள பேரும் டிக்கெட்டுல உள்ள பேரும் சேரணும். வீட்டுல பாப்பா, ஆதார்ல செல்வி, டிக்கெட் எடுத்த தம்பி பாப்பான்னே போட்டுட்டான்னா வாசல்ல பதில் சொல்லணும். டிக்கெட்டுல முதல் பேரு, கடைசிப் பேருன்னு ரெண்டு கட்டம் இருக்கும். நமக்கு இனிஷியல்தான். அந்த எழுத்து எந்தப் பேரோடதோ, அப்பா பேரோ வீட்டுக்காரர் பேரோ, அதை விரிச்சுக் கடைசிக் கட்டத்துல எழுதச் சொல்லுங்க. அட்டையைக் கையில வச்சுக்கிட்டு ஒவ்வொரு எழுத்தாச் சொல்லுங்க. தப்பா வந்திருந்தா அன்னிக்கே டிக்கெட் எடுத்த இடத்துல சொல்லித் திருத்தணும். ஆதார்லயே பேரு தப்புன்னா ஆதார் மையத்துல மாத்தலாம், ஆனா வாழ்நாள்ல ரெண்டு தடவைதான் விடுவாங்க. கல்யாணத்துக்கு ஒரு தடவை, எழுத்துப் பிழைக்கு ஒரு தடவைன்னு அவசரப்பட்டுத் தீர்த்துடாதீங்க. சந்தேகம்னா 1947-க்குப் போன் பண்ணுங்க.

இப்ப முக்கியமானதைச் சொல்றேன். எங்க தெருவுல ஒரு அக்கா, பொண்ணுக்குப் பிரசவம்னு அவசரமா மும்பைக்குக் கிளம்பினாங்க. கையில ஆதார் ஜெராக்ஸ்தான் இருந்துச்சு. ஒரிஜினலை, கடன் கொடுத்தவர் ஒருத்தர் வாங்கி வச்சிருந்தாரு. ஜெராக்ஸ் செல்லாதுன்னு வாசல்லயே நிறுத்திட்டாங்க. விமானம் போயிடுச்சு, டிக்கெட் பணமும் போச்சு. பேரக்குழந்தை பொறந்து நாலு நாள் கழிச்சு ரயில்ல போய்ச் சேர்ந்தாங்க. அந்தக் கடன் 10,000 ரூபாய். அதுக்கு அவங்க பேரையே அடகு வச்ச மாதிரி ஆயிடுச்சு.

நம்மள்ல எத்தனை பேர் அட்டை நம்ம கையில இருக்கு? வீட்டுக்காரர் பையில, மாமியார் பீரோவுல, கடன்காரர் கட்டுல இருக்கு. நாம நெய்யற காஞ்சிப் பட்டுக்கு 2005-06-லயே புவிசார் குறியீடு கிடைச்சுது. சேலை எந்த ஊருன்னு சொல்ல அதுக்கு அடையாளம் இருக்கு. அதை நெய்யறவ அடையாளம் அவ கையில இருக்க வேண்டாமா? நாட்டுல முதல் ஆதார் 2010 செப்டம்பர் 29-ல மகாராஷ்டிராவுல தெம்பிளிங்கிற சின்ன ஊர்ல, ஒரு கிராமத்துப் பெண்ணுக்குத்தான் கொடுத்தாங்க. அது நம்மளுக்குன்னு வந்த அட்டை.

அதனால ஒரு கோரிக்கை. அடுத்த மாசக் கூட்டத்துல ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டுல ரெண்டு வரி எழுதணும். ஒண்ணு, எந்த உறுப்பினரும் கடனுக்காக ஒரிஜினல் அட்டையைக் கொடுக்க மாட்டோம், கேட்டா ஜெராக்ஸ்தான். ரெண்டாவது, ஆதார், வாக்காளர் அட்டை, பாஸ்புக் மூணையும் பக்கத்துல வச்சு, பேரு ஒத்துப் போகுதான்னு ஊக்குநர் முன்னாடியே பார்க்கணும். எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்குத் தெரிஞ்சவங்க படிச்சுச் சொல்லணும்.

விமானத்துல போறமோ இல்லையோ, நம்ம அட்டை நம்ம கையில இருக்கட்டும்.