பேசிய கூலியும் நியாயக் கூலியும்

ஒருவர் தாமே வந்து, சொன்ன கூலிக்குச் சம்மதித்து வேலை பார்க்கிறார். பேசிய கூலியைக் கொடுத்துவிட்டால் முதலாளியின் கடமை தீர்ந்ததா? தீராது என்றார் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ, 1891இல் எழுதிய 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில். சிக்கனமாக வாழும் தொழிலாளிக்கும் போதாத கூலியை வேறு வழியில்லாமல் ஒருவர் ஏற்றால், அவர் பலவந்தத்துக்கு ஆளானவர் என்பது அவர் வாதம். 91 ஆண்டுகள் கழித்து, ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி பகவதி வேறு பாதையில் அதே இடத்துக்கு வந்தார்: குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வாங்கும் வேலை, அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு; வறுமையும் ஒரு கட்டாயமே.

கோவில்பட்டிக் கரிசலில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் விதைக்கும் மண் இது. மழை பொய்த்தால் பெண்களுக்கு மிஞ்சுவது தீப்பெட்டி ஆபீஸ். எண்ணிப் பார்க்காமலே கைப்பிடியில் குச்சிகளை அள்ளிப் பெட்டியில் அடைக்கும் விரல்களுக்கு, அடைத்த பெட்டிக் கணக்கில் கூலி. இந்தக் கணக்கில் பெட்டி தெரியும், குடும்பம் தெரியாது. 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு கணக்கைக் குடும்பத்திலிருந்து தொடங்கியது: மூன்று பேருக்கான நுகர்வு, ஆளுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி. 1991இல் உச்ச நீதிமன்றம் பிள்ளைகள் படிப்பு, மருத்துவம், முதுமை போன்றவற்றுக்காக மேலும் 25 விழுக்காடு சேர்க்கச் சொன்னது.

"கொடுக்க மனமிருக்கிறது, கட்டுப்படியாகாது" என்பது சிறு உற்பத்தியாளரின் மறுமொழி. அதைப் பொய் என்று தள்ள முடியாது. 2007 முதல் 14 ஆண்டுகள் ஒரு தீப்பெட்டி ஒரு ரூபாய்தான். அதிலும் கடைக்காரர், மொத்த வியாபாரி பங்கு போக மிஞ்சியதே ஆலைக்கு. ஆனால் 1981இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் எழுதிய 'லபோரெம் எக்செர்சென்ஸ்' மடல் இங்கே கைகொடுக்கிறது. கூலி தரும் நேர் முதலாளிக்குப் பின்னால், கூலியின் எல்லையை வகுக்கும் மறைமுக முதலாளி ஒருவர் உண்டு என்கிறது அது. வரி போடும் அரசு, விலை பேசும் வியாபாரி, மலிவாகக் கேட்கும் நாம் எல்லோரும் அதில் அடக்கம். ஆக, கட்டுப்படியாகாது என்ற பதில் பொறுப்பைப் பலர் தலையில் பகிர்கிறது. அதை ரத்து செய்யவில்லை. கூலி கூடினால் மிஷின் வரும் என்பாரும் உண்டு. கூலி குறைவாக இருந்த காலத்திலேயே மிஷின் வந்துவிட்டது.

விலையை மாற்றவே முடியாது என்பதும் சரியன்று. மெழுகும் அட்டையும் மருந்தும் விலையேறியபோது, ஐந்து உற்பத்தியாளர் சங்கங்கள் கூடிப் பேசின. 2021 டிசம்பர் 1 முதல் பெட்டி இரண்டு ரூபாயானது. மெழுகு வியாபாரியின் பில்லைக் கட்டுப்படியாகாது என்று யாரும் திருப்பி அனுப்பவில்லை. விலையை அதற்கேற்ப மாற்றினார்கள். அடுத்த முறை அப்படிக் கூடும்போது, அடக்கவிலைத் தாளின் முதல் வரியில் குடும்பக் கூலியை எழுதிவிட்டு மெழுகுக்கு வரட்டும். நியாயக் கூலிக்கு வேண்டிய வழிமுறை இவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது.