ஆட்டுக்கொல்லியும் என் நாத்தனாரின் மேற்படிப்பும்

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)

எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. பத்தாவது வரை படித்தவள், குழுவில் தீர்மான நோட்டு எழுதுவேன், அவ்வளவுதான். என் நாத்தனார் படிப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அந்தப் படிப்புக்கு எங்கள் குழுவில் கடன் வாங்கியபோது சண்டையே நடந்தது, அது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும்.

நான் கல்யாணமாகி வந்தபோது அவள் மூணாவது படிக்கிற பிள்ளை. என் வீட்டுக்காரருக்கு விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் சூளை வேலை. வீட்டில் நாலு ஆடு. ஆடு மேய்க்கும்போதே பாடம் படிப்பாள். அரசுப் பள்ளியில் படித்து, பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கி, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தாள். ஐந்தரை வருஷப் படிப்பு. முடித்துவிட்டு வந்ததும் ஊரே சந்தோஷப்பட்டது. மாமியார் ஜாதகத்தை வெளியில் எடுத்துவிட்டார்.

அப்போதுதான் அவள், "அண்ணி, நான் எம்.வி.எஸ்சி. சேரணும், இன்னும் ரெண்டு வருஷம்" என்றாள்.

வீட்டில் ஒரே ரகளை. "மாட்டுக்கு ஊசி போடத் தெரிஞ்சாச்சு, இதுக்கு மேல அதுங்ககிட்ட படிக்க என்ன இருக்கு?" என்று மாமியார். குழுவில் கடன் கேட்டால், ஒரு அக்கா, "மாடு வாங்கக் கடன் கொடுப்போம், மாட்டைப் பத்திப் படிக்கவா கொடுப்போம்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் உள்ளுக்குள் அதே நினைப்புதான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அன்றைக்கு ராத்திரி அவள் என்னிடம் அரசூர் கதையைச் சொன்னாள். அரசூர் நமக்குத் தெரிந்த ஊர்தான், உளுந்தூர்பேட்டையிலிருந்து விழுப்புரம் போகிற ரோட்டில் இருக்கிறது. 1987இல் கடலூரும் விழுப்புரமும் ஒன்றாகத் தென்னாற்காடு மாவட்டமாக இருந்த காலம். அங்கே செம்மறி ஆடுகளுக்குக் காய்ச்சல், வாயில் புண், கழிச்சல். பார்ப்பதற்கு மாடுகளுக்கு வருகிற வெக்கை நோய் மாதிரியே இருக்கும். ஆய்வுக்கூடத்தில் சோதித்ததில் அது வேறு கிருமி என்று தெரிந்தது. ஆட்டுக்கொல்லி நோய், பி.பி.ஆர். என்பார்கள். இந்தியாவிலேயே முதலில் உறுதியானது அந்த அரசூரில்தான். அங்கே எடுத்த கிருமியை ஆய்வுக்கூடத்தில் திரும்பத் திரும்ப வளர்த்து, வீரியத்தைக் குறைத்து, நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தடுப்பூசி செய்தது. அதற்குப் பெயரே 'அரசூர் 87'. "அதைச் செஞ்சவங்கல்லாம் டாக்டருக்குப் படிச்சதோட நின்னிருந்தா இந்த ஊசி வந்திருக்குமா அண்ணி?" என்றாள்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஏனென்றால் நான் பத்தாவது எழுதின வருஷம் எங்கள் அம்மாவிடம் 11 ஆடு இருந்தது. இரண்டு கிடாயை விற்று என்னைப் பதினொன்றாவது சேர்ப்பது என்று பேச்சு. மே மாதத்தில் ஒரு ஆட்டுக்கு மூக்கில் சளி ஒழுகியது. மழை இல்லாத நாளில் சளி என்னடா என்று பார்த்தோம். கண்ணில் பீளை, வாயெல்லாம் புண், தழை கொடுத்தால் மோந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். அப்புறம் கழிச்சல். பத்து நாளில் 8 ஆடு போய்விட்டது, இரண்டு கிடாயும் சேர்த்து. மாரியாத்தா கோபம் என்றார்கள். கூழ் ஊற்றினோம். நான் பள்ளிக்கூடம் போகவில்லை.

இதை அவளிடம் சொன்னதும் டாக்டர் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடைசியில், "ரத்தம் சோதிக்காம உறுதியாச் சொல்லக் கூடாது அண்ணி, ஆனா நீங்க சொல்றது அத்தனையும் ஆட்டுக்கொல்லிக்குப் பொருந்துது" என்றாள். இருபது வருஷம் கழித்து அதற்கு ஒரு பெயர் தெரிந்தது.

மறுநாள் என் வீட்டுக்காரர்தான் அவர் அம்மாவிடம் பேசினார். அவர் அதிகம் பேச மாட்டார். "கப்பு முதல் சூளையில வெந்தாலும் தண்ணி உறிஞ்சும்மா. கிளேஸ்ல முக்கி ரெண்டாவது சூளை போட்டாத்தான் டீ ஊத்தலாம். போகட்டும் விடு" என்றார். குழுவில் நான் எழுந்து அம்மாவின் ஆடுகளைப் பற்றிச் சொன்னேன். முதலில் கிண்டல் செய்த அக்காதான், "எழுதுங்கடி தீர்மானத்தை" என்றார். 30,000 ரூபாய். லேப்டாப்புக்கும் விடுதி முன்பணத்துக்கும் போனது.

இப்போது சென்னை வேப்பேரியில், 1903இல் ஆரம்பித்த கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறாள். இங்கே ரயில் ஏறினால் எழும்பூர், அங்கிருந்து கிட்டத்தான். அவள் ஆய்வு என்ன தெரியுமா? தாய் ஆட்டின் சீம்பால் வழியாகக் குட்டிக்கு வருகிற எதிர்ப்புச் சக்தி எத்தனை மாதம் நிற்கிறது என்பது. அது உடம்பில் இருக்கும்போது ஊசி போட்டால் ஊசி சரியாகப் பிடிக்காதாம். தீர்ந்த பிறகு தாமதித்தால் நோய் முந்திக்கொள்ளும். நம் ஊர்க் குட்டிகளிடமும் ரத்தம் எடுத்தாள். ஒரு குட்டி அவள் துப்பட்டாவையே தின்றுவிட்டது, அது வேறு கதை. வெக்கை நோய் 2011இல் உலகத்தை விட்டே ஒழிந்துவிட்டது. இதையும் 2030க்குள் ஒழிக்க வேண்டும் என்று உலக நாடுகள் இலக்கு வைத்திருக்கின்றனவாம்.

பெண் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பதினொன்றாவதில் இயற்பியல், வேதியியல், உயிரியல் உள்ள குரூப்பில் சேருங்கள். இந்தக் கதவு திறக்க அதுதான் முக்கியமான வழி. தமிழ்நாட்டு இடங்களுக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2021இல் வந்தது, அதில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. என் நாத்தனார் அதற்கு முன்னால் சேர்ந்தவள், முழுக்கட்டணம் கட்டினோம். என் பெண் இப்போது ஒன்பதாவது. அவளுக்குப் பாம்பு என்றால் பிடிக்கிறது, ஆடு பிடிக்கவில்லை. பார்ப்போம்.

கல்யாணப் பேச்சு இன்னும் ஓயவில்லை. மாமியார் வாரம் ஒருமுறை ஜாதகத்தைத் தூசி தட்டுகிறார். கடனில் இன்னும் 6 தவணை பாக்கி, ஒரு தவணைகூடத் தவறவில்லை என்பதைப் பொருளாளர் அக்கா சொல்வார். அடுத்து தடுப்பூசி முகாம் போடும்போது நாலு மாதம் தாண்டிய குட்டிகளை மறக்காமல் ஓட்டி வாருங்கள்.