எக்ஸெக் மாத்தின ரேட் எங்கே போச்சு?

இந்த எபிசோட் முழுக்க ஒரு நேயர் அனுப்பின குட்டி பைத்தான் ஸ்கிரிப்ட் பத்திதான். அவருக்கு ஊர் பெரும்பாறை. கீழ்ப்பழனி மலையில, தாண்டிக்குடிக்குப் பக்கம், காப்பியும் மிளகும் விளையிற இடம். அங்கே ஒரு தோட்டத்துல பழம் எடுக்கிறவங்களுக்குக் கிலோ கணக்குல கூலி. தினமும் எத்தனை கிலோன்னு குறிச்சு வெச்சு, சனிக்கிழமை ஸ்கிரிப்ட்டை ஓட்டினா யாருக்கு எவ்வளவுன்னு சொல்லிடும். சீசன் முடியிற நேரத்துல செடியில பழம் குறைஞ்சிடும், அதனால ரேட்டை ஏத்துவாங்க. அந்தப் புது ரேட்டை ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல 'விலை = 7'ன்னு எழுதி வெச்சுட்டா போதும், ஸ்கிரிப்ட் அதைப் படிச்சு எக்ஸெக் பண்ணிக்கும். இதுதான் திட்டம். (பைத்தான் 3-ல மாறிக்குத் தமிழ்லயே பேர் வைக்கலாம், தெரியும்தானே!)

எண்கள் நான் சும்மா போட்டவை. ஃபங்ஷனுக்குள்ள முதல் வரி விலை 6. அடுத்த வரி எக்ஸெக். மூணாவது வரி, கிலோவை விலையால பெருக்கித் திருப்பிக் கொடு. 80 கிலோ எடுத்த அம்மாவுக்கு 560 வரணும். வந்தது 480. எர்ரர் கிடையாது, எச்சரிக்கை கிடையாது. அதே மூணு வரியை ஃபங்ஷனுக்கு வெளியே போட்டுப் பார்த்தா 560 சரியா வருது. "பைத்தான்ல பக் இருக்கா அண்ணா?"ன்னு கேட்டிருந்தார்.

பக் இல்லை. பைத்தான் ஒரு ஃபங்ஷனைக் கம்பைல் பண்ணும்போதே உள்ளே என்னென்ன லோக்கல் மாறிகள்னு எண்ணி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் போட்ட அறை ஒதுக்கிடும். ஓடும்போது பேரைத் தேடாது, நேரா அந்த அறையைத்தான் திறக்கும். வேகத்துக்காகச் செய்த ஏற்பாடு. எக்ஸெக் கைக்குப் போறது அந்த அறை இல்லை. லோக்கல்ஸ் கொடுக்கிற டிக்ஷனரி, அதாவது அறையில இருக்கிறதோட நகல். 7 நகல்ல எழுதப்படுது. அறையில 6 அப்படியே இருக்கு. வெளியே, மாட்யூல் மட்டத்துல, அறையே கிடையாது. குளோபல் டிக்ஷனரிதான் அசல், அதனால அங்கே மாத்தினா நிஜமாவே மாறும். டெஸ்ட் பண்ணினது வெளியே, வேலை நடக்கிறது உள்ளே. சிக்கல் அங்கதான்.

பழைய பைத்தான் 2-ல இது நடந்திருக்கும். அங்கே எக்ஸெக் ஒரு ஸ்டேட்மெண்ட், ஓடி முடிஞ்சதும் மாறின மதிப்பை அறைக்கே திருப்பி எழுதிடும். 2008-ல வந்த பைத்தான் 3 அதைச் சாதாரண ஃபங்ஷன் ஆக்கிடுச்சு. ஜாவாஸ்கிரிப்ட் இன்னும் வேடிக்கை: ஈவல்னு நேரடியா கூப்பிட்டா லோக்கல் மாறியே மாறும். அதே ஈவலை வேற பேர்ல வெச்சுக் கூப்பிட்டா குளோபல்ல போய் நிக்கும். அங்கே பழகிட்டு இங்கே வர்றவங்க ஏமாறுறதுல ஆச்சரியம் இல்லை.

சிலர் எக்ஸெக் முடிஞ்சதும் லோக்கல்ஸைக் கூப்பிட்டு அதுல இருந்து மதிப்பை எடுப்பாங்க. ஃபங்ஷன்ல ஏற்கெனவே இருக்கிற பேருக்கு அது எப்பவுமே உதவாது, பழைய 6-தான் திரும்ப வரும். புதுப் பேருக்கு மட்டும் அதிர்ஷ்டத்துல வேலை செஞ்சுட்டு இருந்தது. 2024 அக்டோபர்ல வந்த 3.13-ல அதுவும் போச்சு, ஏன்னா இப்ப லோக்கல்ஸைக் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் புது நகல்தான் தரும்.

சரியான வழி, நம்மளே ஒரு காலி டிக்ஷனரியை உண்டாக்கி எக்ஸெக்குக்கு இரண்டாவதா கொடுக்கிறது. முடிஞ்சதும் அதுல இருந்து விலையை எடுத்துக்கலாம். எங்கே எழுதுதுன்னு நமக்குத் தெரியும். ஆனா என்னைக் கேட்டா, ஒரே ஒரு எண்ணுக்காக எக்ஸெக்கே வேண்டாம். அந்த ஃபைலை யார் வேணும்னாலும் திறந்து எதை வேணும்னாலும் எழுதலாம், எழுதினது அத்தனையும் ஓடும். காலி டிக்ஷனரி அதைத் தடுக்காது. ஃபைல்ல 7-ன்னு மட்டும் எழுதுங்க, ஃப்ளோட்டா மாத்திப் படிச்சுக்கோங்க.

நல்லவேளை, தினசரி கிலோ தனி ஃபைல்ல பத்திரமா இருக்கு. ரேட் ஏறின தேதியில இருந்து திருத்தின ஸ்கிரிப்ட்டை மறுபடி ஓட்டினா, யாருக்கு எவ்வளவு பாக்கின்னு பேரோட வந்துடும். வர்ற சனிக்கிழமைக் கூலியோட அதையும் சேர்த்துக் கொடுத்துடச் சொல்லியிருக்கேன்.